கழுவினால் போதாது, காய வைக்க வேண்டும்: ஜிம் உடைமாற்றும் அறைத் துப்புரவுக்குப் புதியவர்களுக்கு

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன ஆன்ட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய். முதல் நாள் ஷவர் பக்கத்தைக் கழுவி முடித்து, தரை பளபளக்கிறதே என்று பெருமையோடு நின்றேன். அவர் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். "பாசா" என்றார். ஈரம். சிங்கப்பூரின் பிராஸ் பாசா சாலையின் பெயரில் இருக்கும் அதே பாசா. பிறகு ஒரு காய்ந்த துணியை என் கையில் திணித்து, "கெரிங்" என்றார். காய வை.

இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். புதிதாக ஜிம்மில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர்கள், சூப்பர்வைசர் ஆனவர்கள், சொந்தமாகச் சின்ன ஜிம் திறந்து ஆள் கிடைக்காமல் தாங்களே மாப்பு பிடிப்பவர்கள், எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

ஏன் இங்கே தானாகக் காயாது

ஊரில் கோடை நாளில் துணியைக் கொடியில் போட்டால் சாப்பிட்டு எழுவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், அடைமழை பெய்தால் 100ஐத் தொடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலில் கழியில் மாட்டிய துணி டிசம்பர் மழையில் இரண்டு நாளாகியும் ஈரவாடை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் காற்றும் படுகிற துணிக்கே அந்தக் கதி. சன்னலே இல்லாத அறையில், வெந்நீர் ஷவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, தரை எப்படித் தானாகக் காயும்?

தமிழில் ஈரம் என்பது நல்ல சொல். நெஞ்சில் ஈரம் உள்ளவர் என்று பாராட்டுவோம். உடைமாற்றும் அறையில் மட்டும் அது வேறு அர்த்தம். சேற்றுப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் சேற்றில் நின்று வேலை செய்தவர்களுக்கு வந்ததால் அந்தப் பெயர். ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தில் வேலை செய்யும், வாழ்க்கையில் வயலையே பார்க்காத ஆளுக்கும் அது வருகிறது. காரணம் ஒரு பூஞ்சை. தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. நோய் உள்ளவரின் காலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகள் ஈரத் தரையில் கிடக்கும். அடுத்து வெறுங்காலோடு நடப்பவர் அவற்றை மிதித்து எடுத்துப் போவார். படர்தாமரைக்குக் காரணமும் இதே குடும்பத்துப் பூஞ்சைதான். உள்ளங்காலில் வரும் மருவும் ஈரத் தரை வழியாகப் பரவும், ஆனால் அது வைரஸ். கொப்புளமும் கட்டியும் உண்டாக்கும் ஸ்டாஃப் பாக்டீரியா, பகிர்ந்துகொள்ளும் துண்டு, வெற்றுடம்போடு உட்காரும் பெஞ்ச் ஆகியவற்றின் வழியாகப் பரவும்.

அந்த "ஜிம் நாற்றம்" எங்கிருந்து வருகிறது தெரியுமா? வேர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. தோலிலும் துணியிலும் உள்ள பாக்டீரியா அதைத் தின்று கழிப்பதுதான் நாறுகிறது. அதனால் வாசனை ஸ்பிரேயை அடித்து அதை மறைக்கப் பார்ப்பது, குப்பையின் மேல் மல்லிகைப்பூ தூவுவது போலத்தான். எலுமிச்சை வாசனை பலமாக வருகிற உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

முதல் நாள் கையில் துணி எடுக்காதீர்கள்

முதல் அரை மணி நேரம் சும்மா சுற்றிப் பாருங்கள். தரையில் தண்ணீர் வடிகிற துளைகள் எங்கே, எத்தனை என்று எண்ணுங்கள். இங்கே எல்லாரும் ஃப்ளோர் ட்ராப் என்றுதான் சொல்வார்கள். பெஞ்சுக்கு அடியில், கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும். நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். சரிவு தப்பாக உள்ள மூலையில் தண்ணீர் குளம் கட்டும். அந்த மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் கையால் துடைக்க வேண்டிய இடம் அது.

அடுத்து, காற்றை வெளியேற்றும் விசிறி. சுவிட்ச் எங்கே, யார் போடுகிறார்கள், யார் அணைக்கிறார்கள்? ஒரு டிஷ்யூத் தாளை விசிறியின் கம்பி மூடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் விசிறி இழுக்கிறது. விழுந்தால் ஒன்று தூசி அடைத்திருக்கும், அல்லது அறைக்குள் வெளிக்காற்று வர வழியே இல்லாமல் கதவு இறுக்கமாக மூடியிருக்கும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியாவது இருந்தால்தான் விசிறியால் இழுக்க முடியும். இதை நான் சொல்லும்போதெல்லாம், "ஏர்கான் இருக்கே" என்பார்கள். ஏர்கான் குளிர்விக்கும். ஆனால் ஷவர் ஆவியை அது மட்டுமே சமாளிக்காது. குளிர்ந்த சுவரில் வெந்நீர் ஆவி பட்டு முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில்தான் கரும்பூஞ்சை பிடிக்கும்.

எந்த நேரத்தில் கூட்டம் வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பேட்டையில் காலை வேலைக்குப் போகும் முன்னும் மாலை 6 மணிக்குப் பிறகும் நெரிசல். தஞ்சோங் பகார் மாதிரி அலுவலகப் பகுதியில் மதிய உணவு நேரத்தில் ஒரு அலை வந்து போகும். பெரிய துப்புரவை அந்த நேரத்தில் வைத்தால் வேலையும் ஓடாது, திட்டும் வாங்குவீர்கள்.

நீங்கள் துப்புரவு நிறுவனம் வழியாக வேலைக்கு வந்திருந்தால், அந்த நிறுவனம் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். பயிற்சி எப்போது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

என்னென்ன வேண்டும்

நான்கு நிறத் துணிகள். கழிவறைக்குச் சிவப்பு, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், லாக்கர், பெஞ்ச், கைப்பிடிக்கு நீலம், கண்ணாடிக்கு இன்னொன்று. நிறம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஜிம்மில் என்ன வழக்கமோ அதையே பின்பற்றுங்கள். முக்கியம், கழிவறைத் துணி வேறு எங்கும் போகக் கூடாது. துணியை நான்காக மடித்தால் முன்னும் பின்னுமாக 8 பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம். இதைச் சொல்லிக்கொடுக்கும் வரை நான் ஒரே பக்கத்தால் அழுக்கை அறை முழுக்கப் பூசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வைப்பர், அதாவது தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டை. மாப்பு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், வைப்பர் இல்லாமல் முடியாது. சுவருக்குச் சின்னது ஒன்று, தரைக்கு அகலமானது ஒன்று. மாப்பு இரண்டு: ஒன்று நனைத்துத் துடைக்க, இன்னொன்று எப்போதும் காய்ந்ததாக. கடின நார்ப் பிரஷ், பழைய பல்துலக்கி, கையுறை, வழுக்காத காலணி, "தரை ஈரம்" பலகை.

துப்புரவு மருந்து மூன்றே போதும். தினசரிக்கு நடுநிலையான தரைச் சோப்பு. சோப்புப் படிவுக்கும் சிறுநீர்க் கறைக்கும் அமில வகை ஒன்று. கிருமிக்கு பிளீச், இங்கே பலர் குளோராக்ஸ் என்றே சொல்வார்கள், எந்த பிராண்டாக இருந்தாலும்.

சோப்பை அளவாகப் போடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூடிக்கு மூன்று மூடி ஊற்றினேன், இன்னும் சுத்தமாகுமே என்று. இரண்டு நாளில் தரை பிசுபிசுத்தது, எல்லாருடைய பாதச்சுவடும் கருப்பாகப் பதிந்தது. மிஞ்சிய சோப்பு தரையில் படிந்து அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரால் மூன்று முறை துடைத்த பிறகுதான் சரியானது.

பிளீச்சைக் கலக்கும் கணக்கு இது. வீட்டுக்கு விற்கும் பிளீச் 5 விழுக்காடு என்றால், 1 பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர். 1 லிட்டர் குப்பியில் 20 மில்லி பிளீச், மீதி தண்ணீர். அதில் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குளோரின் கிடைக்கும், சாதாரணக் கிருமிநீக்கத்துக்கு அது போதும். குப்பியில் வேறு விழுக்காடு எழுதியிருந்தால் கணக்கு மாறும், எழுதியிருப்பதைப் படியுங்கள். குளிர்ந்த நீரில்தான் கலக்க வேண்டும். அன்றன்று கலந்து அன்றன்று தீர்க்க வேண்டும், நேற்றைய கலவையில் வீரியம் குறைந்திருக்கும். அழுக்கின் மேல் ஊற்றினாலும் பயனில்லை. அழுக்கே அந்த வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச். பூசியவுடன் துடைத்துவிடாதீர்கள். குப்பியில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், ஈரமாக இருக்க விட்டு அப்புறம் அலசுங்கள். எஃகு லாக்கரில் அடிக்கடி பூசினால் துருப்பிடிக்கும், அங்கே வேண்டாம்.

இப்போது தலைப்பை விட்டு ஒரு எச்சரிக்கை, ஆனால் இதுதான் இந்தக் கட்டுரையில் உயிர் சம்பந்தப்பட்ட வரி. பிளீச்சையும் அமிலக் கழிவறை மருந்தையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒருமுறை ஒரு கழிவறைப் பீங்கானில் முதல் ஷிப்ட்காரர் அமிலம் ஊற்றி ஊற வைத்துவிட்டுப் போயிருந்தார். தெரியாமல் நான் மேலே பிளீச்சை ஊற்றினேன். மூக்கில் மிளகாய்ப்பொடி ஏறியது போல ஒரு நெடி, கண்ணில் தண்ணீர், இருமல். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் உடனே வெளியேறி, வேறு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அன்றிலிருந்து எங்கள் கழிவறைக் கதவில் ஒரு அட்டை தொங்கும்: என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஊற்றியது என்று. அமோனியா கலந்த மருந்தோடும் பிளீச் சேரக் கூடாது. வினிகரும் அமிலம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு முழுச் சுற்று

உள்ளே போகும் முன் தட்டிக் குரல் கொடுங்கள். "கிளீனிங்" என்று இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பத்து நொடி காத்திருங்கள். ஆண்கள் அறையைப் பெண்களும் துப்புரவு செய்வது இங்கே சாதாரணம், அதனால்தான் இந்தக் குரல் முக்கியம். வாசலில் பலகையை வைத்த பிறகே உள்ளே போங்கள்.

முதலில் காய்ந்த குப்பை: காகிதம், முடி, பிளாஸ்டர், காலி ஷாம்புப் பொட்டலம். தண்ணீர் படுவதற்கு முன் முடியைக் கூட்டி அள்ளிவிட்டால் பாதி வேலை மிச்சம். நனைந்த முடி தரையில் ஒட்டிக்கொண்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

பிறகு மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடம். லாக்கரின் மேல்தட்டு, கண்ணாடி, கைப்பிடிகள், முடி உலர்த்தும் கருவி, சுவிட்ச், பெஞ்ச், தொட்டி, ஷவர், கடைசியாகக் கழிவறை. கழிவறை முடிந்ததும் கையுறையை மாற்றுங்கள். தரையை உள் மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கித் துடையுங்கள், துடைத்த இடத்தில் நீங்களே மிதிக்காமல். வாளியின் அடி தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கினால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் காய்ந்த மாப்பு, எல்லா இடத்திலும் ஒரு முறை. இந்தக் கடைசிச் சுற்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், நேரமில்லை என்று. என்னைக் கேட்டால் நேரம் குறைவான நாளில் கண்ணாடியை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். கண்ணாடியில் விரல் ரேகை இருந்து யாருக்கும் சேற்றுப்புண் வந்ததில்லை.

ஷவர்: இங்கேதான் நேரம் போகும்

ஓரங்களிலும் ஷாம்பு வைக்கும் தட்டிலும் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு தெரியும். துரு என்று நினைத்து அமிலம் ஊற்றுவார்கள். அது துரு இல்லை, பாக்டீரியா. செராஷியா மார்செசன்ஸ் என்பது பெரும்பாலும் அதன் பெயர். சோப்பும் ஷாம்பும் விட்டுப்போன எச்சத்தைத் தின்று வாழும். சோப்பு போட்டுப் பிரஷால் தேய்த்து அந்த வழவழப்பை உடைத்த பிறகு பிளீச் வைத்தால் போகும். ஈரம் இருந்தால் சில நாளில் திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைத் துடைத்துக் காய வையுங்கள்.

ஓடுகளுக்கு நடுவிலுள்ள சிமெண்டுக் கோட்டில் கருப்புப் பிடித்திருந்தால் பழைய பல்துலக்கிதான் மருந்து. அமிலத்தை அங்கே அடிக்கடி போட்டால் சிமெண்டு அரித்துப் பள்ளமாகும், அந்தப் பள்ளத்தில் இன்னும் அதிகமாக ஈரம் தங்கும். கண்ணாடித் தடுப்பின் ஓரத்திலுள்ள சிலிக்கான் பட்டையில் பூஞ்சை உள்ளே வரை இறங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெட்டி எடுத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இதற்காக முதலாளியிடம் மூன்று மாதம் நச்சரித்திருக்கிறேன். திரைச்சீலை இருந்தால் குளித்த பிறகு விரித்தே விட வேண்டும். மடிப்புக்குள் ஈரம் காயாது.

ஃப்ளோர் ட்ராப் மூடியைத் தினமும் திறந்து முடியை எடுங்கள். நம் ஆட்கள் வருகிற ஜிம் என்றால் இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையை அலசினால் எண்ணெய், முடி, சோப்பு மூன்றும் சேர்ந்து களிபோல் உள்ளே திரளும். யாராவது சீயக்காய்ப்பொடி கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை சோப்பு கலந்த சுடுநீரை ஊற்றிப் பிரஷால் தேய்த்தால் அடைக்காது. சுடுநீர் ஊற்றும் நாளில் பிளீச்சை அருகில் கொண்டுவராதீர்கள்.

யாரும் பயன்படுத்தாத ஷவர் ஒன்று இருக்கும். கதவு சரியாக மூடாது, அல்லது தண்ணீர் மெதுவாக வரும். ஆளில்லையே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று அதை விட்டுவிடுவோம். தவறு. குழாயில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம். அது நீர்த்துளியாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். வாரம் ஒருமுறையாவது அந்த ஷவரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். திறந்துவிட்டு அந்தத் தூவலை முகர்ந்துகொண்டு நிற்காதீர்கள், சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஷவர் தலையைக் கழற்றிப் படிவு நீக்குவதையும் பராமரிப்பு ஆளிடம் சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பயன்படுத்தாத ஷவரின் ஃப்ளோர் ட்ராப்பில் இன்னொரு சிக்கல். அந்தக் குழாயின் வளைவில் நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. நீர் வற்றிப்போனால் இரண்டும் மேலே வரும். "எங்கிருந்தோ நாறுது" என்று வாரக்கணக்கில் தேடிய ஒரு வாடை, கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரில் தீர்ந்தது. ஆனால் நீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடுமே என்ற கேள்வி நியாயமானது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் அடிக்கடி பயன்படாத ட்ராப்பை மூடி வையுங்கள், அல்லது கொசுத் தடுப்பு வால்வு போடச் சொல்லுங்கள். மாப்பு வாளியைக் கவிழ்த்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

லாக்கர்

தினமும் வெளிப்பக்கம், கைப்பிடி. வாரம் ஒருமுறை காலியான லாக்கர்களின் உள்பக்கம், குறிப்பாகக் காலணி வைக்கும் அடித்தட்டு. துடைத்த பின் கதவைத் திறந்தே வைத்து உள்ளே காற்றுப் போகவிடுங்கள். காற்றோட்டத் துளைகளை ஒட்டுவிளம்பரத்தால் மூடியிருந்தால் கிழித்து எடுக்கச் சொல்லுங்கள்.

மறந்துவிட்டுப் போன ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் போடுவது பலருடைய பழக்கம். மூன்றாம் நாள் அந்தப் பையைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஈரமானவற்றைத் தனியாகத் தொங்கவிட்டு, தேதி எழுதி, ஜிம் சொன்ன நாள் கணக்குப்படி அப்புறப்படுத்துங்கள். விலை உயர்ந்த பொருள் கிடைத்தால் தொட்டவுடன் முகப்பில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு.

துடைக்கிறவர்தான் ஒவ்வொரு மூலையையும் பார்க்கிறார். பொருந்தாத இடத்தில் ஒரு கொக்கி, சார்ஜர், சிறு துளை என எதையாவது கண்டால் தொடாதீர்கள். அறையை மூடிவிட்டு மேலாளரைக் கூப்பிடுங்கள். மறைந்திருந்து படமெடுப்பது இங்கே 2020லிருந்து தனிக் குற்றம், சிறைத்தண்டனை உண்டு.

ஆட்களைச் சமாளிப்பது

கூட்ட நேரத்தில் முழுத் துப்புரவு வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை வைப்பரோடு ஒரு சுற்று, காய்ந்த மாப்போடு ஒரு சுற்று, குப்பைத் தொட்டி, அவ்வளவுதான். ஷவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் தண்ணீரை உறிஞ்சும் மிதியடி போட்டிருந்தால் அது நனைந்தவுடன் மாற்றுங்கள். நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும் மிதியடியை விட வெறும் தரை மேல்.

உணவங்காடியில் டிஷ்யூப் பொட்டலம் வைத்து மேசை பிடிப்பது போல, ஈரத் துண்டைப் பெஞ்சில் போட்டு இடம் பிடிப்பவர்கள் உண்டு. நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆணிவரிசை ஒன்றை ஷவர் வாசலில் அடிக்கச் சொன்னேன், துண்டுகள் தானாக அங்கே போய்விட்டன. முகப்பவுடர் விஷயம் வேறு. வயதான அங்கிள்கள் சிலர் குளித்துவிட்டுப் பவுடரை உடம்பெல்லாம் கொட்டிக்கொள்வார்கள். ஈரத்தில் விழுந்த பவுடர் பசையாகி வழுக்கும், காய்ந்தால் ஓட்டின் சொரசொரப்பில் இறுகிக்கொள்ளும். அதை நனைக்கும் முன் காய்ந்த துணியால் எடுங்கள். அந்த அங்கிளிடம், "அங்கிள், இந்தப் பக்கம் நின்னு போடுங்க, நான் அப்புறம் துடைச்சுக்கிறேன்" என்றால் போதும். உங்களையும் அவர்கள் அண்ணன், ஆன்ட்டி என்று கூப்பிடத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ரத்தமோ வாந்தியோ கிடந்தால் மாப்பை எடுக்காதீர்கள். அந்த இடத்தை மறித்து, கையுறை போட்டு, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். சோப்பால் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் என்ற கெட்டியான கலவையை 10 நிமிடம் விட்டு அலசுங்கள்.

உங்கள் கால்

மற்றவர்களுக்குச் சேற்றுப்புண் வராமல் பார்க்கிற நமக்குத்தான் அது முதலில் வரும். ரப்பர் பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் வேர்த்த கால் என்பது அந்தப் பூஞ்சைக்கு விருந்து. ஒரு ஜோடி காலுறையைப் பையில் வைத்திருந்து சாப்பாட்டு நேரத்தில் மாற்றுங்கள். விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பூட்ஸ் இரண்டு ஜோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிடலாம். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரித்தால், மருந்தகத்தில் குளோட்ரிமசோல் களிம்பு மருத்துவச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அரிப்பு நின்றவுடன் விட்டுவிடாமல், தாளில் சொன்ன நாள் வரை தடவுங்கள். பூஞ்சை அரிப்பை விட நீண்ட நாள் உயிரோடிருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் களிம்போடு சோதனை செய்து பார்க்க வேண்டாம், காலில் புண் என்றால் நேரே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரைப் பாருங்கள்.

இரவு மூடும்போது

துணிகளையும் மாப்புத் தலைகளையும் சோப்பில் துவைத்து, பிழிந்து, விரித்துத் தொங்கவிடுங்கள். ஈர மாப்பை வாளிக்குள் விட்டுப் போனால் மறுநாள் காலை அந்தக் கிருமியைத்தான் தரை முழுக்கப் பூசுவீர்கள். மைக்ரோஃபைபர் துணிக்குத் துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், அது உறிஞ்சாமல் போகும். ஜிம் துண்டு கொடுக்கிறதென்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும்.

லாக்கர் கதவுகள், ஷவர் கதவுகள் எல்லாம் திறந்து. வாளி கவிழ்ந்து. விசிறி ஓடிக்கொண்டு. இந்த விசிறிதான் எங்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. நாங்கள் போட்டுவிட்டுப் போவோம், இரவில் சுற்றி வருகிற காவலாளி மின்சாரம் வீணாகிறதே என்று நல்ல மனதோடு அணைத்துவிடுவார். காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். கடைசியில் சுவிட்சுக்கு மேலே நான்கு மொழியிலும் "அணைக்காதீர்" என்று ஒட்டினோம். தமிழ் வரியை மட்டும் நானே கையால் எழுதினேன். கணினியில் அடித்து வந்த தாளில் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது.